கணக்கு மிஷினும் குறுவை நெல்லும்

எங்கள் வீட்டில் மாவு மிஷின் இல்லை என்பதை அந்த வருஷம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஊறவைத்து உலர்த்திய பச்சரிசியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். "ஈர அரிசி அரைப்பீங்களா, இல்ல காஞ்சது மட்டுந்தானா?" என்று கேட்பார்கள். கொல்லைப்பக்க அறையிலிருந்து வரும் இரைச்சல் தெருமுனை வரை கேட்கும்போது, இங்கே எதுவும் அரைக்கவில்லை என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? "எங்களுக்கு மட்டும் அரைச்சுத் தர மாட்டீங்க, அப்படித்தானே?" என்று கோபித்துக்கொண்டு போன ஒரு பெண், பெருநாள் வரைக்கும் என்னோடு பேசவே இல்லை.

இரைந்தது என் கணவர் வளைகுடாவிலிருந்து அனுப்பிய மிஷின். விடுப்பில் வந்த அவருடைய நண்பர் கொண்டுவந்து கொடுத்தார். கம்பளி, பேரீச்சம்பழம், சென்ட் பாட்டில் என்று வழக்கமான சாமான்களுக்கு நடுவில், செங்கல் அடுக்கின அளவுக்குக் கனமாக ஒரு இரும்புப் பெட்டி. முன்பக்கம் ஒரு ஃபேன், பின்பக்கம் ஒரு ஃபேன், நடுவில் ஒன்றும் புரியாத பலகைகள். பிட்காயின் எடுக்கிற மிஷினாம். என் மாமனார் கம்பளியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, பெட்டியைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். அவருக்குப் பொருள்கள் பற்றிய முதல் அபிப்பிராயம் எப்போதும் காலில்தான் உண்டாகும்.

மாமி இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், நானும் மாமாவும். நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். மாமாவுக்குக் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. நான் கும்பகோணத்தில் தாவரவியல் படித்தவள். இலையின் குறுக்குவெட்டை இப்போது வரையச் சொன்னாலும் வரைவேன். ஆனால் அந்த மிஷினை ஓட்டும் பொறுப்பு, படித்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக என் தலையில் விழுந்தது.

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாமா மகனை விசாரித்தார்.

"இது என்னதாம்ப்பா செய்யும்?"

"கணக்குப் போடும் அத்தா."

"யாரு கணக்கு?"

"யாரு கணக்கும் இல்ல. உலகம் பூரா இது மாதிரி மிஷினுங்க ஒரே நேரத்துல போட்டி போட்டுக் கணக்குப் போடும். மொதல்ல போட்டு முடிச்சவனுக்குக் காசு."

"மத்தவன்லாம்?"

"அதுக்குத்தான் தனியா நிக்காம ஒரு கூட்டத்துல சேந்துக்கறது. எல்லாருமா சேந்து போட்டு, கிடைச்சதைப் பிரிச்சுக்கலாம். இன்டர்நெட் மட்டும் அறாம இருக்கணும் அத்தா. கனெக்ஷன் போச்சுன்னா மிஷின் கணக்கை நிறுத்திடும், சும்மா ஃபேன் மட்டுந்தான் சுத்தும்."

மாமா விடவில்லை. "கணக்கைப் போட்டு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் பண்ண மாட்டாங்க, அடுத்த கணக்குக்குப் போயிடுவாங்க" என்றார் கணவர். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

எனக்கும் அந்தக் கணக்கு புரியவில்லை. ஆனால் கடைசியில் என் கணவர் சொன்ன ஒரு வார்த்தை புரிந்தது. "இது மட்டும் மூணு மாசம் நிக்காம ஓடிடட்டும், நான் விசாவை முடிச்சுக்கிட்டு ஊருக்கே வந்துடறேன். அங்கேயே உக்காந்து இதைப் பாத்துக்கலாம்" என்றார். வந்துடறேன் என்றாரே, அது போதும் எனக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவர் விடுப்பில் வந்து என்னோடு இருந்த மாதங்களைக் கூட்டிப் பார்த்தால் வயிறு எரியும். அந்த மனிதரைத் திருப்பித் தருவதாக ஓர் இரும்புப் பெட்டி சொன்னால், அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட நான் தயார். கரண்ட் பில்லைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதை எழுத வேறு மனநிலை வேண்டும்.

முன்பு நெல் மூட்டை அடுக்கிவைத்த கொல்லைப்பக்க அறையில், ஜன்னலோரம் ஒரு மேசையில் மிஷினை வைத்தோம். சூடான காற்று ஜன்னல் வழியாக வெளியே போகும்படி திருப்பி வைக்கச் சொல்லியிருந்தார். கூடத்தில் இருக்கும் ரௌட்டரிலிருந்து சுவரை ஒட்டியே கேபிள் இழுத்தோம். கனெக்ஷன் இருந்தால் பச்சை விளக்கு சிமிட்டும், போனால் சிவப்பு எரியும். முதல் சில வாரங்கள் பச்சையாகவே போயின. நானும் நிம்மதியாக இருந்தேன். கொல்லையில் அந்த அனல் பட்டு ஒரு கறிவேப்பிலைச் செடி மட்டும் செத்தது.

பிறகு மழை வந்தது. குறுவை அறுவடை பாதி முடிந்து, முதல் பாதி நெல் கொள்முதல் நிலையத்தில் நல்லபடியாக எடை போட்டாகிவிட்டது. கடைசித் துண்டு வயலை அறுப்பு மிஷின் வைத்து அறுத்த அன்று மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. அன்று பிடித்த மழை விடவே இல்லை. படுதா போட்டு மூடியும் நெல் நனைந்தது. கொள்முதல் நிலையத்தில் மீட்டர் வைத்துப் பார்த்து, பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது, காய வைத்துக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, விதி அப்படி. ஆனால் எதில் காய வைப்பது? வெயில் எட்டிப் பார்க்கவில்லை. ரோட்டில் கொட்டினால் ரோடே குளம். மாமா மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் காட்டினார். ஓரிரு நெல்லில் வெள்ளையாக முளை தெரிந்தது. அவர் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் கொல்லைப்பக்க அறைக்குப் போனால், மிஷின் திரும்பியிருந்தது. ஜன்னலைப் பார்த்து ஊத வேண்டியது அறைக்குள் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. அதன் எதிரே, தரை முழுவதும் நெல். நடுவில் மாமா பனியனோடு வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"காத்து வீணாத்தானேம்மா வெளிய போவுது" என்றார். கரண்ட் நின்ற நேரம் பார்த்து, தானே மிஷினைத் திருப்பி வைத்திருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குனிந்து ஒரு பிடி நெல்லை எடுத்துப் பார்த்தேன், சலசலவென்று இருந்தது. உலகம் முழுவதும் போட்டி போடுகிற அந்தக் கணக்கு, எங்கள் வீட்டில் முதல்முறையாக எதற்கோ பயன்பட்டிருந்தது. ஆனால் மகனிடம் சொல்லக்கூடாது என்றார் மாமா. அந்த மிஷினைப் பற்றி அவர் பேசியிருந்த பேச்சு அப்படி. தூசு படக்கூடாது என்று கணவர் பத்து தடவை சொல்லியிருந்ததால் நானும் சொல்லவில்லை. வீடியோவில் காட்டச் சொல்லும்போது கேமராவை மேசைக்குக் கீழே இறக்காமல் பார்த்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் சிவப்பு விளக்கு ஆரம்பித்தது.

சிவப்பு எரிந்த அரை நிமிஷத்தில் போன் வந்துவிடும். கணவருடைய போனில் அதற்கென்று ஒரு செயலி இருந்தது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஒரு போன் வரும். இப்போது நாளைக்கு மூன்று, நான்கு.

"ரௌட்டரை அணை. பத்து வரைக்கும் எண்ணு. மெதுவா எண்ணு. இப்பப் போடு."

"போட்டுட்டேன் மச்சான்."

"கேபிள் எல்லாத்தையும் பிடுங்கி மறுபடி சொருகு."

"சொருகிட்டேன்."

"இப்ப மிஷினை அணைச்சுட்டு, அந்தச் சின்ன பட்டனை அமுக்கிப் பிடி."

பச்சை வந்துவிடும். ஆகவே சின்ன பட்டன்தான் காரணம் என்று முடிவு செய்வோம். மறுநாள் சின்ன பட்டனுக்குப் பிறகு டிஎன்எஸ் என்று ஒன்றை மாற்றச் சொல்வார், மாற்றுவேன், பச்சை வரும். அப்போது காரணம் டிஎன்எஸ். மிஷின் சேர்ந்திருந்த கணக்குக் கூட்டத்தின் முகவரியை மாற்றினோம். ரௌட்டரை மரப்பலகை மேல் வைத்தோம். பிறகு பலகையை எடுத்தோம். எல்லாவற்றுக்கும் பச்சை வந்தது, எல்லாவற்றுக்கும் மறுபடி சிவப்பு வந்தது. இத்தனைக்கும் நடுவில், "நீ எப்படி இருக்கே" என்று ஒருமுறை கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பச்சை வந்துவிட்டது, போனை வைத்துவிட்டார்.

நெட் கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன். ஆளை அனுப்புவதாகச் சொன்னார்கள். அந்த ஆள் எப்போது கூப்பிட்டாலும், "ரயில்வே கேட்ல நிக்கிறேன்க்கா" என்பார். எப்போதும் மூடியே கிடக்கும் நீடாமங்கலம் கேட்டைத் தெரிந்தவர்கள் யாரும் இதற்கு மறுபேச்சுப் பேச முடியாது. ஒருவழியாக வந்து, அறைக்குள் நெல்லைப் பார்த்து, மிஷினைப் பார்த்து, மறுபடி நெல்லைப் பார்த்தார். மிஷின் பக்கத்துக் கேபிளின் முனையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கிறது, புதுக் கேபிள் கொண்டுவருகிறேன் என்றார். "ஆனா அது காரணமா இருக்காதுக்கா, ஆடாம அசையாம இருந்தா ஒண்ணும் ஆகாது" என்று ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார். புதுக் கேபிள் இன்றுவரை கேட்டில்தான் நிற்கிறது.

மாமாவுக்கு இப்போது எங்கள் இரண்டு பேரையும்விடக் கவலை அதிகமாகிவிட்டது. சிவப்பு எரிந்தால் மிஷின் குளிர்ந்த காற்றை ஊதுகிறது, நெல் காய மாட்டேன் என்கிறது. "கனெக்ஷன் இருக்கா, கனெக்ஷன் இருக்கா" என்று என் பின்னாலேயே திரிந்தார். ஒருநாள் காலையில் ஒரு முடிவோடு வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, இது மிஷின் கோளாறும் இல்ல, கேபிள் கோளாறும் இல்ல. நாம கடைமடை."

எனக்குப் புரியவில்லை.

"கம்பி எங்கேருந்து வருது? மெயின்ரோட்டுலேருந்து. தெருவுல எல்லா வீட்டுக்கும் போயிட்டுக் கடைசியா நமக்கு வருது. மேல இருக்கறவன்லாம் மடையைத் தொறந்து வச்சுக்கிட்டு சீரியல் பாத்தான்னா, நமக்கு எங்கேருந்தும்மா வரும்?"

நெட் அப்படி ஓடாது மாமா என்று சொன்னேன். சந்தேகத்துக்கு நெட்காரரிடமும் போனில் கேட்டேன். அவர் கேட்டில் நின்றுகொண்டே, "பெரியவர் சொல்றதுலயும் பாயிண்ட் இருக்குக்கா, லோடு ஜாஸ்தியா இருக்கும்" என்றார். அதோடு என் தாவரவியல் தோற்றது.

மாமா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாய்க்காலில் உடைப்புப் பார்க்கப் போகிறவர் போலவே, கம்பத்துக்குக் கம்பம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு மெயின்ரோடு வரை நடந்தார். கேபிள் தொய்ந்திருந்த ஓர் இடத்தில் மூங்கில் கவை வெட்டி முட்டுக் கொடுத்தார். பிறகு வீடு வீடாகப் போய் முறை வைத்தார். காலையிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் எங்கள் வீட்டு முறை, அப்போது மற்றவர்கள் நெட்டை மூடிவிட வேண்டும். என்னால் நம்ப முடியாத விஷயம், ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. "அப்ப எங்க முறை எப்போ?" என்றுதான் கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீருக்கு முறை வைத்த தெரு அது. நெல் காய்கிறது என்று சொன்ன பிறகு சீரியலாவது ஒன்றாவது.

அன்று முழுக்க மாமா குடையோடு தெருவிலேயே நின்று முறையைக் காவல் காத்தார். சிவப்பு எரியவே இல்லை. மறுநாளும் காவல், மறுநாளும் பச்சை. கணவர் போனில் வந்து, "என்ன பண்ணினே, இப்படி ஓடுது?" என்றார். "உங்க அத்தா முறை வச்சிருக்காங்க" என்றேன். "என்ன முறை?" என்றார். சொன்னேன். எந்தெந்த வீடு என்று விசாரித்தார். பிறகு, "சரி, ஓடுதுல்ல" என்றார்.

மூன்றாம் நாள் மாமா நெல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார். அவர் இல்லாத இரண்டு நாளும் யாரும் கிண்டிவிடாததால், மேலே காய்ந்து அடியில் ஈரமாகக் கிடந்தது. காவலை விட்டுவிட்டு நெல்லோடு நின்றார். ஒரு மணி நேரத்தில் சிவப்பு எரிந்தது.

"மேல எவனோ திருட்டுத்தனமாத் தொறந்துட்டான்!" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார். நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு பெரியவர்மேல் அவருக்கு எப்போதும் சந்தேகம். நேராக அவர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டார். அந்த வீட்டில் மட்டும் ஃபியூஸ் போய்க் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. விசிறிக்கொண்டு படுத்திருந்த பெரியவர், தூக்கக் கலக்கத்தில் எழுந்து, "நான் தொறக்கலை, நான் தொறக்கலை" என்று பயந்து சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் டீ வேண்டுமா என்று கேட்க கொல்லைப்பக்க அறைக்குப் போனேன். இரைச்சலில் நான் வந்தது மாமாவுக்குக் கேட்கவில்லை. அவர் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்தார். நெல் காய வைக்கிற வீட்டில் இதைப் பார்க்காதவர்கள் இல்லை. இரண்டு காலையும் தூக்காமல் நெல்லுக்குள் இழுத்து இழுத்து நடந்தால், கோடு கோடாக அடிநெல் மேலே வரும். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பினார். மேசைக்கு முன்னால் வந்ததும் அவருடைய கால் கட்டைவிரலில் ஏதோ மாட்டியது. குனிந்து பார்க்காமலே அதை ஓர் உதறு உதறிவிட்டு மேலே நடந்தார். பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது.

என் கையில் இருந்த போன் அடித்தது.

அதை எடுக்காமல், நெல்லுக்குள் கையைவிட்டுத் துழாவினேன். கேபிள் கிடைத்தது. அவர் மிஷினைத் திருப்பி வைத்த நாளில், சுவரோரம் போய்க்கொண்டிருந்த கேபிள் தரையில் குறுக்கே விழுந்திருக்கிறது. அதன் மேல் நெல்லைக் கொட்டிவிட்டார். தினமும் அவர் கிண்டும்போதெல்லாம் கிளிப் உடைந்த முனை லேசாக நழுவும். எல்லாக் கேபிளையும் பிடுங்கிச் சொருகு என்று கணவர் சொன்னதும் நான் சொருகுவேன், அது சரியாகும். பெயர் வாங்கியது சின்ன பட்டன்.

"மாமா! காலை எடுங்க!" என்று கத்தினேன்.

"இந்தக் கயித்தையா சொல்றே? இது தெனம் குறுக்க குறுக்க வந்துக்கிட்டுத்தாம்மா இருக்கு. நான்தான் ஒதுக்கி ஒதுக்கி விடுறேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நெல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். காரணத்தைச் சொன்னதும் மாமா தன் கட்டைவிரலை ஒருமாதிரி பார்த்தார். அந்தப் பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். "திட்டினது திட்டினதாவே இருக்கட்டும். போன வருஷம் நெசமாவே மடையை அடைச்சான்ல" என்றார்.

கேபிளைத் தூக்கி மேலே துணி காயப்போடும் கொடியில் கட்டினோம். அதற்குப் பிறகு பச்சை அணையவே இல்லை. நெல்லும் காய்ந்தது. ஒவ்வொரு தடவையும் அறை கொள்ளுமளவு கொட்டி, காய்ந்ததை அள்ளி, அடுத்ததைக் கொட்டி எல்லா மூட்டையும் முடித்தோம். கொள்முதல் நிலையத்தில் மீட்டர் பதினாறைக் காட்டியது. மழைநாளில் எங்கே காய வைத்தீர்கள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "பிட்காயின்ல" என்று மாமா சொல்லியிருக்கிறார்.

அன்று அவரே மகனைக் கூப்பிட்டார். நெல் காய்ந்த கதையை மறைக்காமல் சொன்னார், கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டார். "நல்ல மிஷின்ப்பா. உன்னை என்னவோ நெனச்சேன். சம்பா அறுப்புக்கு இன்னும் ரெண்டு அனுப்பு" என்றார்.

என் கணவருக்கு அவருடைய அத்தா வாழ்நாளில் கொடுத்த முதல் பாராட்டு அது. "அனுப்புறேன் அத்தா, கண்டிப்பா அனுப்புறேன்" என்றார். பிறகு என்னிடம், இன்னும் இரண்டு மிஷின் வாங்க வேண்டும் என்றால் விசாவை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்க வேண்டியிருக்கும், நீட்டிக்கச் சொல்லிவிட்டேன் என்றார்.

போனை வைத்துவிட்டு நான் அழுதேன். மறைத்து அழவில்லை, மாமாவுக்கு எதிரிலேயே அழுதேன். "மிஷின் வந்தா உங்க மகன் வரமாட்டாங்க மாமா. அது தெரியாமலா கேட்டீங்க?" என்றேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தினப்படி போன் நின்றுபோனது. கனெக்ஷன் அறாமல் இருந்தது. கூப்பிட அவருக்குக் காரணம் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒன்று, அதுவும் மிஷின் நன்றாக ஓடுகிறது என்று சொல்வதற்கு.

ஒரு மத்தியானம் காலியாகக் கிடந்த அந்த அறையைக் கூட்டப் போனேன். கொடியில் துணி போட இடம் வேண்டும் என்று கேபிளை மறுபடி தரையில் விட்டிருந்தேன். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன். நெல் இல்லாத வெறும் தரையில், மாமா நடப்பது போலவே காலைத் தூக்காமல் இழுத்து நடந்தேன். மேசைக்கு முன்னால் கட்டைவிரலில் கேபிள் மாட்டியது. உதறினேன்.

போன் அடித்தது.

"என்னாச்சு? சிவப்பா?"

"ஆமா மச்சான், சிவப்பு."

"ரௌட்டரை அணைச்சுப் பத்து எண்ணு."

"எண்ணிட்டேன்."

"கேபிளைப் பிடுங்கிச் சொருகினியா?"

"எல்லாம் சொருகியாச்சு."

"சின்ன பட்டன்? நெட்காரர்?"

"பட்டனும் அமுக்கியாச்சு, அவரு அன்னைக்கே வந்து பாத்துட்டுச் சொன்னாரு. போன்ல சரி பண்ற கோளாறு இல்லையாம். ஆள் நேர்ல வந்துதான் பாக்கணுமாம்."

திரும்பினால் வாசற்படியில் மாமா நின்றார். என் காலைப் பார்த்தார், தரையில் நழுவிக் கிடந்த கேபிள் முனையைப் பார்த்தார். உள்ளே வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஆமாம்ப்பா, நானும் மேல்மடை வரைக்கும் போய்ப் பாத்துட்டேன். அங்கேயும் உடைப்பு ஒண்ணும் இல்ல. நீ வந்தாத்தான் ஆவும்."

அந்தப் பக்கம் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சரி அத்தா. விசாவைப் பத்திப் பேசிட்டு நான் கெளம்பி வரப் பாக்குறேன். அதுவரைக்கும் யாரும் அதைத் தொட வேணாம்."

"நாங்க ஏம்ப்பா தொடுறோம்" என்றார் மாமா. சொல்லிக்கொண்டே, கால் கட்டைவிரலால் அந்தக் கேபிளை மேசைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டார்.